நான்கு நாள் வன்னி: மூன்று ஊர் நண்பர்களுக்கு என்ன காட்டுவது, என்ன சமைப்பது?

புளியங்குளத்தான்:

உறவுகளுக்கு வணக்கம். ஒரு விடயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே விடுதியில் இருந்த மூன்று பேர் ஜூன் கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். ஒருவன் குருநாகல் சிங்களவன். ஒருவன் அக்குறணை முஸ்லிம். மற்றவன் ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். நான்கு ஆண்டுகளாக விடுமுறைக்கு விடுமுறை அவர்கள் வீடுகளில் மாறி மாறிச் சாப்பிட்டிருக்கிறேன். என் வீட்டுக்கு அவர்கள் வருவது இதுதான் முதல் தடவை. மூவரும் யாழ்ப்பாணம் போய் வந்தவர்கள்தான். ஆனால் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கியதைத் தவிர வன்னி மண்ணில் கால் வைத்ததில்லை. "அங்கே காடுதானே இருக்கிறது?" என்று ஒருவன் தொலைபேசியில் கேட்டான். குறையாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். ஆனாலும் அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

வியாழன் பின்னேரம் வந்து திங்கள் காலை புறப்படுவார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். இடையில் வெள்ளிக்கிழமை வருகிறது. எங்கள் வீட்டில் அன்று சைவம். முஸ்லிம் பிள்ளைக்கு எந்தச் சட்டியில் சமைப்பது என்று அம்மா இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்டார்.

கடைசியாக ஒன்று. குருநாகல் நண்பன் முள்ளிவாய்க்காலுக்குப் போக வேண்டும் என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பழைய சாரதி:

தம்பி, முதலில் போக்குவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சரியாக அமைந்தால்தான் மற்றதெல்லாம்.

குருநாகல் பிள்ளைக்குச் சுகமான வழி ரயில். வடக்கு ரயில் பாதை அவருடைய ஊரால்தான் வருகிறது. எல்லா ரயிலும் சிறிய நிலையங்களில் நிற்பதில்லை, அதனால் வவுனியாவில் இறங்கச் சொல்லுங்கள். டிக்கெட்டை முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். ஜூலை 2 மடுத் திருவிழா, அதையொட்டிச் சனம் அள்ளுப்படும்.

ஹட்டன் பிள்ளை கண்டிக்கு இறங்கி அங்கிருந்து பஸ் எடுக்கலாம். அக்குறணைப் பிள்ளையிடம் நான் சொன்னதாக ஒன்றைச் சொல்லுங்கள். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி என்று வந்து வவுனியாவைத் தாண்டிப் புளியங்குளத்துக்குள் நுழைகிறது. அவருடைய ஊர்க் கடைவீதியும் உங்கள் ஊர்ச் சந்தியும் ஒரே வீதிதான். இந்த வீதி மூடிக் கிடந்த ஆண்டுகளையும் திறந்த நாட்களையும் நான் பார்த்திருக்கிறேன். ரயில் 1990இல் நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப ரயில் வந்தபோது, வெறுமனே அதைப் பார்ப்பதற்காக மாங்குளம் நிலையத்தில் குழந்தை குட்டிகளோடு நின்ற சனத்தை நான் மறக்க மாட்டேன்.

முல்லைத்தீவுக்கு நெடுங்கேணி வழியாகப் போங்கள், அல்லது மாங்குளம், ஒட்டுசுட்டான் வழி. எந்த வழியானாலும் பின்னேரம் ஐந்தரைக்குள் திரும்பிவிட வேண்டும். பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். மோட்டார் சைக்கிளில் இருவர் இருவராக அடுக்கிப் போக வேண்டாம். பகலுக்கு ஒரு வானோ ஓட்டோவோ பேசிக்கொள்ளுங்கள், விலையை ஏறும் முன்பே பேசுங்கள். சில்லறைக் காசு கையில் இருக்கட்டும். நெடுங்கேணிப் பக்கத்துச் சிறிய கடைகளில் வங்கி அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க முடியாது.

முள்ளியவளை ஆசிரியை:

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளே விருந்தினர் வந்தால் நேரே நல்லூருக்குத்தான் கூட்டிச் செல்கிறார்கள்.

அவர்கள் வரும் காலம் நல்ல காலம். சோளகக் காற்று வீசும், வெயில் கடுமை, ஆனால் மழைத் தொல்லை இல்லை. இரணைமடுக் குளத்துக்குக் கீழே சிறுபோக வயல் பச்சையாக நிற்கும். குளங்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருக்கும். அப்போதுதான் கரையில் கொக்கும் நாரையும் கூடும். ஊர்ச்சனம் குளிக்கும் துறையில் மட்டும் குளியுங்கள். வன்னிக் குளங்களில் முதலை உண்டு.

பாலைப்பழம் அந்த மாதத்தில்தான். ஏ9 கரையில் பேணியில் அளந்து விற்பார்கள். மஞ்சளாக, சின்ன வேப்பம்பழம் அளவில் இருக்கும். வாயில் போட்டால் முதலில் தேன், பிறகு பால் பிசின் உதட்டை ஒட்டிப் பிடிக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் உதட்டைப் பிரிக்க முடியாமல் விழிப்பதைப் பார்ப்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் பழம் பிடுங்குவதாகச் சொல்லிக்கொண்டு நண்பர்களோடு காட்டுக்குள் போய்விடாதீர்கள். அந்தப் பழத்துக்குக் கரடியும் வரும்.

காட்டைப் பற்றி இன்னொன்று. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் ஓர் அடிகூட உள்ளே வைக்கக் கூடாது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசி விசாகத்தோடு முடிந்திருக்கும். ஆனாலும் கோயிலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து எங்கள் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பதைச் சொல்லுங்கள். குருநாகல் பிள்ளைக்கு அந்த அம்மனைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுவதும் இதே கண்ணகியைத்தான். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள், வாசலில் வைத்துச் சொன்னால் கூச்சப்படுவார்கள்.

வழியில் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர். கதிர் அறுத்த தாளை எரித்தபோது எரியாமல் நின்ற இடத்தில் இலிங்கம் தோன்றியதென்பது ஊர்க்கதை. அதற்குப் பக்கத்திலேயே கற்சிலைமடு. 1803இல் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியரின் கோட்டையைத் தாக்கிப் பிடித்த பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் தோற்கடித்ததாகச் சொல்லி வெள்ளைக்காரத் தளபதி கல் நாட்டிய இடம். வென்றவன் தன் பெருமைக்கு நட்ட கல்லால்தான் தோற்றவனின் பெயர் அந்த மண்ணில் ஊன்றி நின்றது. நான் ஒவ்வோர் ஆண்டும் என் மாணவர்களுக்கு இதை அந்த இடத்தில் வைத்தே சொல்கிறேன்.

நீராவிப்பிட்டி மகன்:

அம்மாவின் கவலைக்கு நான் பதில் சொல்கிறேன். மிகவும் எளிது. மீனும் மரக்கறியும் சமைக்கச் சொல்லுங்கள். மீனை அறுத்த முறை பற்றிக் கேள்வியே இல்லை. கோழி வேண்டுமென்றால் வவுனியாவில் ஹலால் கடையில் வாங்கிக் கொள்ளுங்கள். சட்டியைப் பற்றி அவர் மனம் ஆறவில்லையென்றால் இரண்டு புது மண்சட்டி வாங்கினால் போதும், அதில் எல்லோருக்கும் சேர்த்தே சமைக்கலாம். தனிச் சட்டி, தனிச் சாப்பாடு என்று பிரித்துவிடாதீர்கள். விருந்தாளியின் மனம் அங்கேதான் சுருங்கும்.

வெள்ளிக்கிழமை பகல் அவரை ஜும்மாவுக்கு வவுனியாப் பள்ளிவாசலுக்கு அனுப்புங்கள். சாப்பாட்டை இரண்டு மணிக்கு வைத்துக் கொள்ளுங்கள். சைவச் சாப்பாடு எங்களுக்கு ஒரு குறையே இல்லை.

சனிக்கிழமை முல்லைத்தீவு வருவதென்றால் எங்கள் ஊருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஆறு வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். வாப்பா ஒவ்வொரு நோன்பிலும் நந்திக்கடல் இறாலைப் பற்றித்தான் பேசுவார். திரும்பி வந்து முதல் நாள் இறால் வாங்கி ஆக்கியபோது அவர் உயிரோடு இல்லை. உம்மா அவருக்கென்று ஒரு கோப்பை எடுத்து வைத்தார். நீங்கள் நால்வரும் வாருங்கள், சவனில், அதாவது ஒரே பெரிய தட்டில், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். வட்டிலப்பம் என் மனைவி செய்வார்.

புளியங்குளத்தான்:

அண்ணா, அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். இன்றே சட்டி வாங்கச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை கட்டாயம் வருகிறோம்.

பாரதிபுரத்து அக்கா:

தம்பி, உங்கள் ஹட்டன் நண்பரைக் கிளிநொச்சிக்குக் கூட்டி வாருங்கள். பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று எங்கள் ஊர்கள் இருக்கின்றன. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். என் ஆத்தா கொழுந்து பறித்த கையால் இங்கே மிளகாய்க் கன்று நட்டார். வன்னியைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்களை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை. இந்த இழையிலாவது சொல்லி வைக்கிறேன்.

அவருக்கு இங்கே கிடைக்கும் காலைச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத் தேநீரும்தான். வீட்டில் சாப்பிட்டது போலவே இருக்கும். ஆனால் மிளகாய் வன்னி மிளகாய், அதை மட்டும் எச்சரித்து வையுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். மலைத் தண்ணீர் குடித்துப் பழகியவருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர்த் தன்மையாக இருக்கும், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வடிகட்டிய தண்ணீர் விற்கும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு, ஒரு பெரிய போத்தலில் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். ஏதும் அவசரம் வந்தால் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வடமராட்சியான்:

எல்லாம் சரி. ஆனால் நான்கு நாளில் ஒரு நாளாவது யாழ்ப்பாணம் போகாமல் விடலாமா? நல்லூர், கோட்டை, நயினாதீவு. ஆனையிறவைத் தாண்டினால் வந்துவிடுகிறது. வன்னியில் பார்ப்பதற்கு ஒரு நாள் போதும்.

முள்ளியவளை ஆசிரியை:

அண்ணா, அவர்கள் யாழ்ப்பாணம் ஏற்கெனவே பார்த்தவர்கள். "ஒரு நாள் போதும்" என்ற சொல்தான் எங்களை வருத்துகிறது. ஒரு நாளில் வீதி தெரியும், ஊர் தெரியாது. இரவு தங்கி, முற்றத்தில் பாய் போட்டுப் படுத்து, விடியற்காலையில் வயலுக்குப் போகிறவர்களோடு தேநீர் குடித்தால்தான் இது எப்படிப்பட்ட இடம் என்று விளங்கும்.

மன்னார் பெருக்கமரம்:

மன்னாரையும் விட்டுவிடாதீர்கள், அதுவும் வன்னிதான். ஆனால் நான்கு நாளில் எல்லாவற்றையும் திணிக்கக் கூடாது. மடுவுக்கு மட்டும் வாருங்கள். திருவிழாவுக்கு வந்த சனம் காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சிங்களக் கத்தோலிக்கர்கள் நீர்கொழும்பு, சிலாபம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரே மாதாவிடம் இரண்டு மொழியில் மன்றாடுவதை உங்கள் நண்பர்கள் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் துன்புறுத்தலுக்குத் தப்பி மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடியவர்கள் தூக்கி வந்த சுரூபம் அது. 2008இலும் போருக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து அதன் முன்னால் நின்றார்.

பூநாரை பார்க்க வேண்டுமென்று யாராவது கேட்டால் மாரிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள். ஜூனில் வங்காலையில் உப்பளக் காற்றுத்தான் கிடைக்கும். கழுதைகளும் பள்ளிமுனைப் பெருக்கமரமும் எந்த மாதமும் இருக்கும். அதற்குத் தனியாக ஒரு முறை வாருங்கள்.

கள்ளப்பாட்டுக் கடலோடி:

முள்ளிவாய்க்கால் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

கூட்டி வாருங்கள் தம்பி. கேட்கிறவனிடம் வரவேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் முதலில் கடற்கரைக்கு வரட்டும். விடியற்காலையில் வந்தால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கயிற்றைப் பிடிக்கக் கை கொடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். முன்பெல்லாம் அம்பாப் பாட்டுப் பாடித்தான் இழுப்போம், இப்போது பழையவர்கள் ஓரிருவர்தான் பாடுகிறார்கள். 2004 மார்கழியில் இதே கடல் எங்கள் ஊரை வாரிக்கொண்டு போனது. 2009இல் மிச்சமும் போனது. இதையெல்லாம் வாயால் சொல்வதைவிட, வலை இழுத்துக் கை காய்ந்தபின் மணலில் உட்கார்ந்து கேட்டால் அவருக்கு நன்றாக விளங்கும்.

முள்ளியவளை ஆசிரியை:

கடலோடி அண்ணா சொல்வதை நான் ஏற்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும். படம் எடுக்கக் கூடாது.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சுற்றுலா வான் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள், கண்ணாடி மேலேறியது, வான் போய்விட்டது. என் பக்கத்தில் இருந்த அம்மா மடியில் வைத்திருந்த மகனின் படத்தைக் கவிழ்த்து வைத்தார். பின்னேரம் வரை அதை நிமிர்த்தவில்லை.

இறங்கி, "அம்மா, இவர் உங்கள் மகனா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். அரிசியும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். 2009இல் போரின் அந்தக் கடைசி நாட்களில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்த கஞ்சி. வன்னிச் சாப்பாட்டைப் பற்றி அவர் அறிய வேண்டுமென்றால் இதையும் அறியட்டும்.

புளியங்குளத்தான்:

எல்லோருக்கும் நன்றி. வாசித்து வைத்திருக்கிறேன். போய் வந்து எழுதுகிறேன்.

புளியங்குளத்தான்:

அவர்கள் நேற்றுக் காலை புறப்பட்டார்கள். வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை அம்மா தாமரை இலையில் சோறு போட்டார். மொட்டைக்கறுப்பன் அரிசி, கத்தரிக்காய்க் குழம்பு, முருங்கையிலை வறை, பருப்பு, சொதி, எருமைத் தயிர். சுடுசோறு பட்டதும் இலையிலிருந்து ஒரு வாசம் வரும் அல்லவா, அதற்கே மூவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இலையை முகர்ந்தார்கள். ஜும்மா முடிந்து வந்தவன்தான் இரண்டாம் முறையும் சோறு கேட்டான். அம்மா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை நாலரைக்கே புறப்பட்டோம். கரைவலையில் அவர்களும் கை கொடுத்தார்கள். ஹட்டன்காரனுக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, பெருமையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். நீராவிப்பிட்டி அண்ணா வீட்டுச் சவனைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை போதாது. அண்ணா, உங்கள் உம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

பின்னேரம் முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். ஒருவரும் தொலைபேசியை வெளியே எடுக்கவில்லை. நான் எதையும் விளக்கவில்லை, குருநாகல் நண்பனும் கேட்கவில்லை. மணலில் மெதுவாக நடந்தான். திரும்பும்போது வீதிக்கரையில் ஒரு சின்னக் கொட்டில் கடை. அங்கிருந்த ஆச்சி எல்லோருக்கும் தேநீர் போட்டார். அவனைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். தெரிந்த தமிழில் "குருநாகல்" என்றான். ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தாய் இருக்கிறாவா?" என்றார். இருக்கிறார் என்றான். "போனதும் போய்ச் சேர்ந்தேன் என்று அவவுக்குச் சொல்லு மகனே" என்று சொல்லிச் சீனியை அவன் பக்கம் தள்ளி வைத்தார். காசு வாங்கவில்லை. ஐந்தரைக்குள் திரும்ப வேண்டும் என்ற சாரதி ஐயாவின் சொல்லை அன்று மீறிவிட்டோம். ஒட்டுசுட்டானுக்கு இப்பால் ஒரு கொம்பன் யானை வீதியை மறித்து நின்றது. வானின் விளக்கைத் தணித்து அரை மணி நேரம் காத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் குருநாகல்காரன் எங்கள் அடுப்படியில் நிற்கிறான். சிவப்புப் பச்சையரிசியில் பாற்சோறு காய்ச்சி, தட்டில் பரப்பி, வாழையிலைத் துண்டால் தடவி, சாய்சதுரமாக வெட்டி வைத்திருந்தான். அம்மா ஒரு துண்டை எடுத்துக் கட்டைச் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு, "இது எங்கள் பொங்கல் புக்கைதானே, சர்க்கரை போடவில்லை, அவ்வளவுதான்" என்றார். அதை அவனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னது அக்குறணைக்காரன். அதன்பின் மடுவுக்குப் போய் இருட்டும் முன்பே திரும்பிவிட்டோம்.

கிளிநொச்சிக்கு மட்டும் போக முடியவில்லை. பாரதிபுரத்து அக்கா மன்னிக்க வேண்டும். ஹட்டன்காரன் பெரும்போக அறுவடைக்குத் தனியாக வருவதாகச் சொல்லியிருக்கிறான், நேரே உங்கள் வீட்டுக்குத்தான் கூட்டி வருவேன்.

பாரதிபுரத்து அக்கா:

வரட்டும் தம்பி. அவருடைய தோட்டத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எங்கள் ஆத்தாவின் அண்ணன் குடும்பம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வடமராட்சியான்:

வாசித்தேன். நான் வரும் சனிக்கிழமை குடும்பத்தோடு கொழும்பிலிருந்து வருகிறேன். வழியில் ஓர் இரவு வன்னியில் தங்கலாம் என்று யோசிக்கிறோம். பாலைப்பழம் இன்னும் கிடைக்குமா?

புளியங்குளத்தான்:

கிடைக்கும் அண்ணா, ஆனால் கடைசி நாட்கள். காலை பத்து மணிக்கு முன் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வீதியோரம் பாருங்கள், வெயில் ஏறினால் பழம் புளித்துவிடும். தங்குவதற்கு எங்கள் வீடு இருக்கிறது. வெள்ளிக்கிழமையே வந்தால் தாமரை இலை எடுத்து வைக்கச் சொல்கிறேன்.